மொரிஸ் மைனருக்குப் பின் அக்சில் தேடுபவர்களுக்கு: அடையாளம் காண்பதிலிருந்து பூட்டி ஓட்டும் வரை

கோண்டாவிலில் ஒரு தம்பி கிளிநொச்சி வரை போய், ஒரு மைனர் அக்சிலை லாண்ட்மாஸ்ரரில் (பெட்டி பூட்டிய இருசில்லு உழவு இயந்திரம்) ஏற்றி, பிறகு லொறிக்கு மாற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார். அவருடைய காரில் உடைந்தது ஒரு ஹாஃப் சாஃப்ட், அதாவது ஒரு பக்கச் சில்லைச் சுற்றும் தண்டு மட்டும்தான். கொண்டு வந்த அக்சிலைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்தது நுனி கூம்பிய பழைய வகைச் சாஃப்ட். அவருடைய காருக்கு வேண்டியது தட்டையான முகம் உள்ள பிந்திய வகை. விற்றவர் ஏமாற்றவில்லை. தம்பி மைனர் அக்சில் கேட்டார், மைனர் அக்சில்தான் கொடுத்தார்கள். தன் காருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தேடப் போனதுதான் பிழை.

இதே பிழையைக் கனபேர் விடுகிறார்கள். அதனால் முதலில் உங்கள் காரின் அக்சில், அடுத்ததாகக் கணக்கு, அதற்குப் பிறகுதான் தேடல் என்ற ஒழுங்கில் எழுதுகிறேன். மைனரை வைத்துச் சொன்னாலும் ஒஸ்ரின் ஏ30, ஏ35, ஃபரீனா ஏ40 வைத்திருப்பவர்களுக்கும் வேலை பெரும்பாலும் இதேதான்.

1. முழு அக்சிலும் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பின் அக்சில் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் மூன்று பகுதிகள் இருக்கின்றன: வெளிக்கூடு, அதன் முன்பக்கம் பூட்டியிருக்கும், எஞ்சினின் சுற்றை இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிபரன்சல், இரண்டு பக்கமும் சில்லைச் சுற்றும் ஹாஃப் சாஃப்ட்டுகள். மூன்றும் ஒரே நேரத்தில் கெடுவது அரிது. எது கெட்டது என்று தெரிந்தால் தேடல் பாதியாகக் குறையும்.

கிளச்சை விட்டால் எஞ்சின் ஓடுகிறது, ஸ்பீட் மீற்றர் முள்ளும் ஏறுகிறது, ஆனால் கார் நின்ற இடத்தில் நிற்கிறது என்றால் ஹாஃப் சாஃப்ட் உடைந்திருக்கும். ஸ்பீட் மீற்றர் கேபிள் கியர்பொக்ஸில் இருந்து வருவதால்தான் கார் நகராமலே முள் ஏறுகிறது. இதற்கு முழு அக்சில் தேவையில்லை. ஆனால் உடைந்த துண்டு உள்ளேயே கிடக்கும். டிபரன்சலை இறக்கிக் கழுவி, துண்டையும் தூளையும் எடுத்த பிறகே புதுச் சாஃப்ட்டைப் போட வேண்டும். அப்படியே போட்டு ஓடினால் உடைந்த இரும்புத் தூள் நல்ல பற்களையும் தின்றுவிடும்.

ஓடும்போது இரைச்சல் வந்தால் அக்சிலேற்றரை மிதித்தும் விட்டும் பாருங்கள். மிதிக்கும்போது ஒரு சத்தம், விடும்போது வேறு சத்தம் என்றால் டிபரன்சலைச் சந்தேகிக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே சத்தம், ஆனால் வளைவில் திரும்பும்போது கூடிக் குறைகிறது என்றால் ஹப் பெயரிங். கார் கிளம்பும்போது மட்டும் ‘டங்’ என்று ஒரு அடி கேட்டால் யூனிவேர்சல் ஜொயின்ற்றையும், அக்சிலை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளையும் முதலில் பாருங்கள். தளர்ந்த யூ போல்ட்டை இறுக்க வேண்டிய இடத்தில் டிபரன்சலை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

பிறேக் ட்ரம்முக்குள் ஒயில் வந்தாலும் உடனே அக்சிலைக் குறை சொல்ல வேண்டாம். கூட்டின் மேலே காற்றுப் போகச் சிறிய மூச்சுக்குழாய் ஒன்று இருக்கும். அது சேற்றால் அடைபட்டால், சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி ஒயிலை ஹப் சீல் வழியாகத் தள்ளும். அதைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, சீலை மாற்றினால் போதும்.

வெளிக்கூடு வளைந்திருந்தாலோ, ஸ்பிரிங் அமரும் இடம் உக்கியிருந்தாலோதான் முழு அக்சில் கட்டாயம்.

2. தேவையானவற்றை முதலே எடுத்து வையுங்கள்

அளவு நாடா, வேர்னியர், கம்பித் தூரிகை, மண்ணெண்ணெய், பழைய துணி, வெண்கட்டி, ரோர்ச், ஒரு காந்தம், கொப்பி, பேனை. ஸ்பானர் ஏஎஃப் (அங்குல) அளவில் இருக்க வேண்டும். மில்லிமீற்றர் ஸ்பானரை அடித்து ஏற்றினால் நட்டின் மூலை உருண்டுவிடும். ஐம்பது, அறுபது வருடப் பழைய நட்டு ஒரு தரம் உருண்டால் உளி எடுத்துத்தான் கழற்ற வேண்டி வரும்.

காரை உயர்த்தி வைக்கச் சரியான ஸ்டாண்ட் வேண்டும். அது இல்லாவிட்டால் நன்றாகக் காய்ந்த, தட்டையாக அறுத்த பனங்குற்றி. சீமெந்துக் கல்லின் மேல் காரை வைத்துவிட்டு எக்காரணம் கொண்டும் கீழே போக வேண்டாம். அந்தக் கல் வெடிக்கும் முன் சத்தம் காட்டாது. நம் ஊரில் முற்றம் பெரும்பாலும் மணல். குற்றிக்குக் கீழே தடித்த பலகை போட்டால்தான் பாரம் இறங்காது.

3. உங்கள் காரின் அக்சில் எந்த வகை

காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள வருடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஓடும் மைனர்களில் பல, இரண்டு மூன்று கார்களின் உறுப்புகளைச் சேர்த்து உயிரோடு வைக்கப்பட்டவை. புது உதிரிப்பாகம் வராத காலத்தில் கிடைத்ததைப் பூட்டித்தான் ஓடினார்கள். 1952 புத்தகம் உள்ள காரில் 1960களின் அக்சிலும் இருக்கலாம்.

முதல் அடையாளம் ஹப்பின் நடுவில் இருக்கிறது. சில்லைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் பெரிய நட்டும் அதைக் குத்திப் பூட்டிய ஸ்பிளிட் பின்னும் தெரிந்தால் அது பழைய வகை. 918 சிசி எஞ்சினுடன் வந்த எம்எம் மைனருக்கும், அதற்குப் பின் 803 சிசி எஞ்சினுடன் வந்த சீரிஸ் 2இன் ஆரம்பக் கார்களுக்கும் உரியது. இதில் சாஃப்ட்டின் நுனி கூம்பியிருக்கும், ஹப்பைக் கழற்ற இழுவைக் கருவி தேவை. நடுவில் நட்டு இல்லாமல் தட்டையான இரும்பு முகமும் அதில் உள்ளே புதைந்த ஸ்குரூவும் தெரிந்தால் அது பிந்திய வகை, அதாவது மொரிஸ், ஒஸ்ரின் கார்களைச் செய்த பிஎம்சி நிறுவனத்தின் ஏ வகை அக்சில். 948, 1098 சிசி மைனர்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் வந்தது. நாம் தேடப்போவதும் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது அளவுகள். கம்பித் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் துடைத்த பிறகு அளக்க வேண்டும். காய்ந்த சேறும் கிறீஸும் சேர்ந்து சில இடங்களில் விரல் தடிப்பில் இருக்கும், அதன் மேல் நாடாவை வைத்தால் அளவு பிழைக்கும்.

முதலில் இடது பக்கம் சில்லு அமரும் முகத்தில் இருந்து வலது பக்க முகம் வரை. அடுத்து, இரண்டு ஸ்பிரிங் இருக்கைகளின் நடுவுக்கு நடு. இந்த இரண்டும் பொருந்தாவிட்டால் வேறு எதைப் பார்த்தும் பயனில்லை. மூன்றாவது, கியர்பொக்ஸில் இருந்து வரும் புரொப்பெல்லர் சாஃப்ட் பூட்டும் பிளேஞ்சின் நான்கு துளைகள். பக்கத்துத் துளைகளுக்கு இடையேயும் மூலைக்கு மூலையும் அளந்து எழுதுங்கள். எஞ்சினும் கியர்பொக்ஸும் யப்பான் வாகனத்தில் இருந்து மாற்றப்பட்ட கார் என்றால் புரொப்பெல்லர் சாஃப்ட்டும் வெட்டி ஒட்டியதாக இருக்கும். அப்போது இந்த அளவு இன்னும் முக்கியம்.

நான்காவது, சில்லுப் போல்ட்டுகள். மைனரில் நான்கு போல்ட். எதிரெதிர் போல்ட்டுகளின் நடுவுக்கு நடு 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். கடைசியாக, ஹான்ட்பிறேக் கேபிள், பிறேக் குழாய் பிரியும் இடம், சொக் அப்சோபர் இணைப்பு ஆகியவை கூட்டிலும் ஸ்பிரிங் தட்டிலும் எங்கே பிடிக்கப்பட்டிருக்கின்றன என்று போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். படத்தில் நாடாவும் தெரியட்டும்.

4. பற்களின் கணக்கு

அக்சில் வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பற்களின் கணக்கு வேறாக இருக்கலாம். சில்லு ஒரு தரம் சுற்ற புரொப்பெல்லர் சாஃப்ட் எத்தனை தரம் சுற்ற வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்கு. ஏ வகை அக்சிலில் 803 சிசி மைனருக்கு 5.375. 948 சிசிக்கு 4.55. 1962க்குப் பின் வந்த 1098 சிசிக்கு 4.22.

டிபரன்சல் வெளியே இருந்தால் வேலை சுலபம். டிபரன்சலின் பெரிய பல்லுச் சில்லான கிரவுன் வீலில் 9/41, 9/38 என்று பற்களின் எண்ணிக்கை குத்தியிருக்கும். அழிந்திருந்தால் எண்ணலாம். அதைச் சுற்றும் சிறிய பல்லுச் சில்லான பினியனை மட்டும் எண்ணி முடிவு கட்டாதீர்கள், 4.55க்கும் 4.22க்கும் பினியனில் ஒன்பது பற்கள்தான். கிரவுன் வீலில் 41 இருந்தால் 4.55, 38 இருந்தால் 4.22. 803க்கு உரியதில் 8/43 இருக்கும்.

டிபரன்சல் காரிலேயே இருந்தால் இப்படிச் செய்யுங்கள். முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். கியரை நியூற்றலில் விடுங்கள். பின் சில்லு ஒன்றை மட்டும் உயர்த்தி ஸ்டாண்டில் வையுங்கள், மற்றது நிலத்திலேயே இருக்கட்டும். ஹான்ட்பிறேக்கை இறக்க வேண்டும், அது பின் சில்லைத்தான் பிடிக்கிறது. அதனால்தான் முன் கட்டை இவ்வளவு முக்கியம். உயர்த்திய ரயரில் ஒரு வெண்கட்டிக் கோடு, கூட்டில் அதற்கு நேரே ஒரு கோடு. அதேபோல் புரொப்பெல்லர் சாஃப்ட்டிலும் ஒரு கோடு.

ஒருவர் சில்லைச் சுற்ற, இன்னொருவர் கீழே சாஃப்ட்டின் சுற்றுகளை எண்ண வேண்டும். ஒரு சில்லு நிற்கும்போது மற்றச் சில்லின் சுற்றில் பாதிதான் கணக்கில் சேரும். அதனால் சில்லை 20 தரம் சுற்றி, சாஃப்ட் சுற்றியதைப் பத்தால் வகுத்தால் விடை வரும். 42 சுற்றும் கொஞ்சமும் வந்தால் 4.22. நாற்பத்தைந்தரை வந்தால் 4.55. 53ஐத் தாண்டி முக்கால் வந்தால் 5.375.

இரண்டு சுற்று மட்டும் சுற்றிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 4.22க்கும் 4.55க்கும் இடையில் அங்கே வரும் வித்தியாசம் ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்குதான், பற்களுக்கு இடையே உள்ள தளர்வு அதையும் குழப்பிவிடும். 20 சுற்றில் வித்தியாசம் மூன்று முழுச் சுற்றுக்கு மேல் வரும், பிழைக்க வழியில்லை. இன்னொரு பிழை, இரண்டு சில்லையும் உயர்த்திவிட்டு ஒன்றைச் சுற்றுவது. மற்றச் சில்லு எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டே போகும், சாஃப்ட் அசையாது, டிபரன்சல் உடைந்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள்.

கணக்கு மாறினால் என்ன? 4.55 இருந்த இடத்தில் 4.22 போட்டால், அதே வேகத்துக்கு எஞ்சின் ஏழு வீதம் குறைவாகச் சுற்றும். நம் யாழ்ப்பாணம் தட்டையான ஊர், 948 எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் இதை இழுத்துவிடும். ஏ9இல் நீண்ட தூரம் போகும்போது சுகமாகவும் இருக்கும். ஆனால் ஸ்பீட் மீற்றர் பொய் சொல்லத் தொடங்கும். முள் 60 காட்டும்போது கார் உண்மையில் 65க்குக் கிட்டப் போகும். 803 எஞ்சினுக்கு 4.22 போட நான் சொல்லமாட்டேன். குடும்பத்தோடு நான்கு பேர் ஏறினால் நான்காம் கியர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

5. எந்தக் காரில் இருந்து எதை எடுக்கலாம்

ஏ வகை அக்சில் மைனருக்கு மட்டும் வந்ததல்ல. ஒஸ்ரின் ஏ30, ஏ35, 1958இல் இருந்து வந்த ஃபரீனா ஏ40, ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட், எம்ஜி மிட்ஜெற் எல்லாம் இதே குடும்பம். இவற்றின் டிபரன்சல் யூனிற் மைனர் கூட்டுக்குள் இறங்கும். ஸ்பிரைட்டில் 4.22ம், பிந்திய மிட்ஜெற்றில் 3.9ம் 3.727ம் கிடைக்கும். ஏ30இல் 4.875 இருக்கும்.

ஆனால் கூட்டை மாற்ற முடியாது. ஏ35, ஸ்பிரைட், ஃபரீனா ஏ40 எல்லாம் பின்புறம் மைனரை விட ஒடுக்கமானவை, அதனால் ஹாஃப் சாஃப்ட்டின் நீளமும் வேறு. எனவே மற்றக் காரில் இருந்து டிபரன்சலை மட்டும் எடுத்து, உங்கள் கூட்டையும் உங்கள் சாஃப்ட்டுகளையும் வைத்துக்கொள்வதே வழி. எடுக்கும் முன் உங்கள் சாஃப்ட்டின் உள்நுனியில் உள்ள ஸ்பிளைன்களை (நீளவாக்கில் வெட்டிய பற்களை) எண்ணி வையுங்கள். ஒரு சாஃப்ட்டைக் கையில் கொண்டு போய், விற்பவர் முன்னிலையிலேயே டிபரன்சலுக்குள் செருகிப் பார்ப்பது அதைவிட நல்லது.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊரில் ‘ஏ போட்டி’, அதாவது ஏ40 என்றால் பெரியவர்களுக்கு நினைவு வருவது ஹயரிங் ஓடிய டெவன், சொமசெற் கார்கள். அவை 1200 சிசி, முற்றிலும் வேறு அக்சில். ‘ஏ40 டிபரன்சல் இருக்கு’ என்று யாராவது சொன்னால் எந்த ஏ40 என்று கேளுங்கள். 1958க்குப் பின் வந்த, பின்பக்கம் நேராக வெட்டினது போன்ற உருவம் உள்ளதா என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்ட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் அக்சில்களும் மைனருக்கு ஆகாது.

6. எங்கே தேடுவது

கடையில் இருந்து தொடங்க வேண்டாம், பழைய மெக்கானிக்மாரிடம் இருந்து தொடங்குங்கள். கொக்குவில், மானிப்பாய், சுன்னாகம், பருத்தித்துறை என்று ஒவ்வொரு ஊரிலும் இந்தக் கார்களைப் பார்த்த ஒருவராவது இருப்பார். யார் வீட்டுக் கொட்டிலில் எந்தக் கார் நிற்கிறது, யார் வெளிநாடு போய் விட்டார்கள், சாவி யாரிடம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கொப்பியையும் படங்களையும் காட்டிக் கேளுங்கள். ‘மைனர் அக்சில் இருக்கோ ஐயா’ என்று கேட்பதை விட, ‘நடுவில நட்டு இல்லாத பிந்தின வகை, ஒன்பதுக்கு முப்பத்தெட்டுப் பல்லு’ என்று கேட்டால் அவர்களும் உங்களைக் கணக்கில் எடுப்பார்கள்.

பெயரிங், சீல், பிறேக் ரப்பர் போன்றவற்றைத் தேட ஸ்ரான்லி வீதிக் கடைகள் போதும். பழையதைக் கையில் கொண்டு போங்கள். பெயரிங்கின் ஓரத்தில் எண் குத்தியிருக்கும், அந்த எண்தான் பேசும், காரின் பெயர் இல்லை. டிபரன்சலும் கூடும் ஊரில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தை. போகும் முன் படங்களை அனுப்பி, அவர்களிடம் இருப்பதை நாடா வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நானூறு கிலோமீற்றர் போய் வெறுங்கையோடு திரும்புவதை அது தவிர்க்கும்.

லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் அதுவும் ஒரு வழி. மைனருக்குச் சீல், கஸ்கெற், ஹாஃப் சாஃப்ட் போன்றவை இங்கிலாந்தில் இன்றும் புதிதாக விற்கப்படுகின்றன. சீலையும் கஸ்கெற்றையும் ஊருக்கு வரும் ஒருவரின் பெட்டிக்குள் வைத்தே அனுப்பிவிடலாம்.

லாண்ட்மாஸ்ரர் பெட்டிக்குக் கீழே ஓடின அக்சிலை வாங்க வேண்டாம். கல்லும் மணலும் ஏற்றி, குழியில் விழுந்து எழும்பி, கூடு பெரும்பாலும் வளைந்திருக்கும். உள்ளே டிபரன்சலும் இருக்காது.

7. விற்பவர் வீட்டில் பார்க்கும் ஒழுங்கு

இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதில் தொடங்கி, கழற்றிப் பார்ப்பதில் முடிய வேண்டும். முதலே கழற்றினால் ‘கழற்றிவிட்டீர்கள், இனி எடுக்கத்தான் வேண்டும்’ என்று பேச்சு வரும்.

முதலில் கொப்பியை எடுத்து ஐந்து அளவுகளையும் சரிபாருங்கள். ஒன்று பிழைத்தாலும் நன்றி சொல்லிவிட்டு எழும்புங்கள்.

அடுத்தது உப்பு. குருநகர், பருத்தித்துறை போன்ற கடற்கரைப் பக்கத்தில் நின்ற கார் என்றால் கூட்டின் அடிப்பக்கத்தையும் ஸ்பிரிங் இருக்கைகளின் ஓரத்தையும் ஸ்குரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணி மாதிரிச் சத்தம் தரும். உக்கிய இடம் மொத்தென்று கேட்கும்.

பிறகு கூடு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்சிலில் சில்லுகள் பூட்டியிருந்தால் நல்லது. அக்சில் உயரத்தில், இரண்டு ரிம்களின் முன் ஓரங்களுக்கு இடையே அளந்து, அதே உயரத்தில் பின் ஓரங்களுக்கு இடையேயும் அளவுங்கள். வித்தியாசம் இரண்டு மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். கூடினால் அவசரப்பட்டு விடாமல், சில்லுகளை அரைச்சுற்று சுற்றித் திரும்ப அளவுங்கள். இப்போது வித்தியாசம் பக்கம் மாறினால் வளைந்தது ரிம், கூடு அல்ல. அதே பக்கம் நின்றால் கூடுதான். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் நல்ல கூட்டை விட்டவர்களும் உண்டு, வளைந்த கூட்டை வாங்கி மாதம் ஒரு ரயர் தின்னக் கொடுத்தவர்களும் உண்டு.

இனி பினியன் பிளேஞ். இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். துளியும் அசையக் கூடாது. அசைந்தால் பினியன் பெயரிங் போய்விட்டது. பிறகு ஒரு ஹப்பை மற்றவர் பிடிக்க, பிளேஞ்சை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். சிறிய தளர்வு ஒன்று எல்லாவற்றிலும் இருக்கும். கையால் தெளிவாகக் காணும் அளவுக்குச் சுழன்று பிறகு ‘டக்’ என்று பிடித்தால் பற்களோ உள் வாஷர்களோ தேய்ந்திருக்கின்றன. அப்புறம் ஒரு முழுச் சுற்றாக மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது இறுகி, எங்காவது தளர்ந்தால் பல்லில் காயம் இருக்கும். இதைச் செய்யும்போதே நான்காம் பகுதியில் சொன்ன 20 சுற்றுக் கணக்கையும் எடுத்துவிடலாம், ஒரு ஹப்பை அசையாமல் பிடித்தால் போதும்.

கடைசியாக ஒயில். அடியில் உள்ள பிளக்கைக் கழற்றி ஒரு வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். கறுப்பாக வந்தால் பயமில்லை. தேத்தண்ணிக்குப் பால் விட்ட நிறத்தில் வந்தால் தண்ணி புகுந்திருக்கிறது, பெயரிங்குகள் துரு ஏறியிருக்கும். வெள்ளத்தில் நின்ற கார்களில் இது வழமை. காந்தத்தைத் தட்டில் விட்டு எடுங்கள். விரலில் தேய்த்தால் சாம்பல் நிறப் பசை மாதிரி வந்தால் அது வயதின் தேய்மானம். ஊசி மாதிரி, செதில் மாதிரித் துண்டுகள் வந்தால் அந்த டிபரன்சல் வேண்டாம். ஒயிலே இல்லாமல் பிளக் காய்ந்திருந்தால் உள்ளே திறந்து பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

திறந்து பார்க்க விட்டால் கிரவுன் வீலிலும் பினியனிலும் குத்தியிருக்கும் இலக்கங்களைப் பாருங்கள். இரண்டும் சோடியாகச் செய்யப்பட்டவை, ஒரே சோடி இலக்கம் இருக்க வேண்டும். ஒரு காரின் கிரவுன் வீலை இன்னொன்றின் பினியனோடு சேர்த்தால் எவ்வளவு நுணுக்கமாகப் பூட்டினாலும் ஊளையிடும்.

8. காசு, ஏற்றி வருதல்

கடைக்காரர் அல்லாத ஒருவரிடம் வாங்கினால், அவர் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிய ஒரு துண்டு வாங்குங்கள். ‘அண்ணை, நம்பி எடுங்கோ’ என்பார்கள். நம்பிக்கை வேறு, எழுத்து வேறு என்று மரியாதையாகச் சொல்லலாம். வெளிநாட்டில் இருப்பவரின் காணிக்குள் கிடந்த பொருளை விற்க யாருக்கு உரிமை என்ற பேச்சுப் பின்னால் வராமல் இருக்க இது உதவும்.

ஏற்றும் முன் ஒயிலை வடித்து, பிளக்கைப் பூட்டி, பினியன் பிளேஞ்சையும் ஹப்புகளையும் உரப்பையால் சுற்றிக் கயிற்றால் கட்டுங்கள். பிறேக் குழாய் நுனிகளுக்குள் மண் போகாமல் அடையுங்கள். பிளேஞ்சில் கயிறு போட்டுத் தூக்காதீர்கள்.

9. பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

பழைய அக்சில் வெளியே வந்ததும் காரின் அடியைப் பாருங்கள். மைனரில் பின் ஸ்பிரிங் தொங்கும் இடங்கள் உக்குவது வழமை, அக்சில் இருக்கும்போது அவை மறைந்திருக்கும். அங்கே ஒட்டு வேலை இருந்தால் இப்போதே செய்ய வேண்டும்.

புது அக்சிலைக் காருக்குக் கீழே தள்ளும் முன் ஹப் சீல்களை மாற்றுங்கள். அவை நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள், வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த ரப்பர் சூடானதும் கசியும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: ஹாஃப் சாஃப்ட்டை வெளியே இழுத்ததும் உள்ளே தெரியும், ஹப்பைப் பிடிக்கும் பெரிய நட்டு இடது பக்கம் எதிர்மரை. வலது பக்கம் வழமையான மரை. இடது பக்கத்தை வழமைபோல் திருப்பி, கழலவில்லை என்று உளியால் அடித்து, மரையோடு சேர்த்து அழித்த கூடுகளைப் பார்த்திருக்கிறேன். பூட்டு வாஷரின் மடித்த நாக்கை நேராக்கிய பிறகே ஸ்பானரை வையுங்கள்.

பினியன் சீல் கசிந்தால் நட்டைக் கழற்றும் முன் நட்டிலும் சாஃப்ட்டிலும் பிளேஞ்சிலும் ஒரே நேரே வெட்டுக்குறி போடுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே குறிக்கு வர வேண்டும். அந்த நட்டின் இறுக்கத்தில்தான் பினியன் பெயரிங்கின் அமைப்பு நிற்கிறது, காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினால் பெயரிங் எரியும்.

ஸ்பிரிங்கின் நடுப் போல்ட்டுத் தலை இருக்கையின் துளைக்குள் சரியாக விழுந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகு யூ போல்ட்டை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் நிலத்தில் தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகி, கார் இறங்கியதும் கிழியத் தொடங்கும்.

ஒயில் ஈபி 90 கியர் ஒயில், கொள்ளளவு 0.85 லீற்றர். கார் சமமாக நிற்க, பின்பக்கத் துளை வழியாக வழியும் வரை ஊற்றி, வழிந்து நின்றதும் பிளக்கை மூடுங்கள். கூட ஊற்றினால் சூட்டில் விரிந்து சீலைத் தேடிப் போகும். எஞ்சின் ஒயிலை ஊற்ற வேண்டாம். இந்தப் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு சுற்றுபவை, அந்த அழுத்தத்தை எஞ்சின் ஒயில் தாங்காது.

பிறேக்கில் காற்றெடுக்கும்போது மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரமான சில்லில் தொடங்குங்கள். நம் வலதுகைக் கார்களில் அது இடது பின் சில்லு. பிறகு வலது பின், அதற்குப் பின் முன் சில்லுகள். ஹான்ட்பிறேக்கைக் கடைசியாகச் சரிசெய்யுங்கள்.

10. முதல் ஓட்டம்

முதல் நாள் வீட்டுக்குக் கிட்ட ஒரு பத்துக் கிலோமீற்றர் போதும். நாற்பதைத் தாண்டாமல் ஓடி, திரும்பி வந்ததும் கையைப் பினியன் பக்கத்திலும் இரண்டு ஹப்பிலும் வையுங்கள். சூடு ஓரளவு இருக்கும். கை வைத்துப் பொறுக்க முடியாத சூடு பினியன் பக்கத்தில் இருந்தால் பெயரிங் இறுக்கம் கூடிவிட்டது. ஒரு ஹப் மட்டும் சுட்டால் பிறேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மறுநாள் காலை அக்சிலுக்குக் கீழே ஒரு காகித அட்டையை விரித்து வைத்தால் எந்த இடத்தில் கசிகிறது என்று துளியே காட்டிவிடும்.

நூறு கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட்டுகளையும் புரொப்பெல்லர் சாஃப்ட்டின் நான்கு நட்டுகளையும் ஒரு தரம் இறுக்குங்கள். ஐந்நூறு ஓடியதும் ஒயிலை வடித்து, காந்தத்தைத் திரும்பவும் தட்டில் விட்டுப் பாருங்கள். சாம்பல் பசை மட்டும் என்றால் புது ஒயில் ஊற்றி மூடிவிடலாம். அதுவரைக்கும் பழைய அக்சிலை இரும்புக் கடைக்குக் கொடுக்க வேண்டாம், கொட்டிலின் ஒரு மூலையில் உரப்பை சுற்றிக் கிடக்கட்டும்.